தூக்கத்தின் வரவு செலவு

நம்மவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், ஸலாம் சொல்லி முடித்தவுடன் முதலில் கேட்பது "வியாபாரம் எப்படி?" என்பது. அடுத்தது "ஊரில் எல்லோரும் சுகமா?" என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, நாற்பது வயதைத் தாண்டிய வியாபாரிகளில் அநேகர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் மூன்றாவது சேதி ஒன்று உண்டு. "மற்றதெல்லாம் அல்லாஹ்வின் கிருபையால் குறைவில்லை. இராத்திரியில் தூக்கம்தான் வருவதில்லை" என்பதே அது.

இதைக் கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்வார். ஒருவர் சூடாகப் பால் குடிக்கச் சொல்வார். ஒருவர் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்வார். வேறொருவர் தமக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதியை ஒடித்தே கொடுத்துவிடுவார். இன்னொருவர், "நேரத்தோடு போய்ப் படுங்கள் காக்கா, எல்லாம் சரியாகிவிடும்" என்பார். கடைசியில் சொன்னது எல்லாவற்றிலும் நல்ல யோசனையாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால், தூக்கம் கெட்டுப்போன ஒருவருக்கு அந்த யோசனைதான் நோயை வளர்த்துவிடும். அது ஏன், பிறகு எதுதான் வழி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் வைத்தியன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். ஆயினும், தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தவற்றைப் படித்துப் பார்த்தபோது, அது நாம் தினமும் எழுதும் வரவு செலவுக் கணக்கைப் போலவே இருப்பதைக் கண்டேன். ஆகவே, வியாபாரிக்கு வியாபாரி பேசும் பேச்சில் அதை எழுதுகிறேன்.

எது தூக்கமின்மை?

முதலில் ஒரு பாகுபாடு செய்துகொள்ள வேண்டும். இரவு 2 மணிக்குக் கடை அடைத்து, காலை 6 மணிக்கு எழுந்துவிடும் ஒருவர் தலையணையில் தலை பட்டவுடன் தூங்கிப்போகிறார். அவருக்குள்ளது நேரக் குறைவு. கடையைக் கொஞ்சம் முன்னதாக அடைப்பதுதான் அதற்கு மருந்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத்திற்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது இந்தத் துறையிலுள்ள டாக்டர்களின் முடிவு. அதற்கு இடமே கொடுக்காமல், தூக்கம் போதவில்லையென்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகாது.

தூக்கமின்மை என்பது வேறு. படுக்க இடமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, உடம்பும் களைத்திருக்கிறது. ஆனால் கண் மூட மறுக்கிறது. அல்லது நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிப்பதில்லை. இப்படி வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்கு நீடித்து, பகல் வேலையும் அதனால் கெடுமானால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில் ஓரிரு தடவை விழிப்பு வருவது நோயல்ல. மனிதனுடைய தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் இலேசாகிறது. வயது ஏற ஏற அது மேலும் இலேசாகிறது. விழித்தவர் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நிய்யத்து வைத்துத் தஹஜ்ஜுத்துக்கு எழுவதும் தூக்கமின்மை ஆகாது.

இதனால் வரும் நஷ்டம்

தூக்கம் கெட்டால் என்ன, மறுநாள் கொட்டாவி விடுவோம், அவ்வளவுதானே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரு பரீட்சை நடத்தினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது ஏறியவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டன என்று அதில் தெரியவந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவர்களின் நிலை 0.10 சதவிகிதம் மது ஏறியவர்களுக்கு ஒப்பாக இருந்தது.

சகோதரர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். மதுவைக் கையால் தொடாத நாம், தூக்கம் கெட்ட கண்ணோடு விடியுமுன் வேனை எடுத்துக்கொண்டு செலாயாங் மொத்த மார்க்கெட்டுக்கோ பாசிர் பாஞ்சாங்குக்கோ சரக்கெடுக்கப் போகிறோம். சாலையில் எதிரே வருகிறவருக்கு நாம் குடித்திருந்தால் என்ன, தூங்காமல் இருந்தால் என்ன? ஆபத்து ஒன்றுதான். கல்லாவில் தவறாகக் கொடுக்கும் மீதிப் பணமும், வாடிக்கையாளரிடம் காட்டும் சிடுசிடுப்பும், வீட்டுப் பிள்ளைகள்மீது பாயும் கோபமும் சிறிய நஷ்டங்கள். உயிர் நஷ்டம் பெரிது. நீடித்த தூக்கக் குறைவோடு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் சேர்ந்து காணப்படுவதையும் டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் சமூகத்தில் இந்த இரண்டும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு பேரேடுகள்

தூக்கத்திற்கு இரண்டு பேரேடுகள் உண்டு. 1982ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் போர்பேலி என்ற விஞ்ஞானி இதை விளக்கி எழுதினார். இன்றுவரை அறிஞர்கள் அதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

முதல் பேரேடு விழிப்பின் வரவு. நாம் கண் விழித்த நேரத்திலிருந்து மூளையில் அடினோசின் என்னும் ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதுவே தூக்கத்திற்கான முதல். 16 மணி நேரம் விழித்திருந்தால் நல்ல முதல் சேர்ந்திருக்கும். படுத்தவுடன் தூக்கம் வரும். தூங்கத் தூங்க அந்த முதல் செலவாகி, காலையில் கணக்கு நேராகிறது. பகலில் கடைக்குப் பின்னால் மூட்டைமேல் சாய்ந்து ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டால், இரவுக்கு வைத்திருந்த முதலிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டோம் என்று அர்த்தம். இரவு படுக்கும்போது கல்லா பாதி காலி.

தேநீரும் காப்பியும் இந்த முதல் பேரேட்டில்தான் கை வைக்கின்றன. அவற்றிலுள்ள காபீன் முதலைக் குறைப்பதில்லை. அடினோசின் மூளைக்குச் சொல்லும் சேதியை மறித்துவிடுகிறது. கல்லாவில் பணம் இருந்தும் சாவி இல்லாதது போன்ற நிலை அது. உடம்பிலிருந்து காபீனில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் செல்லும். சிலருக்கு அதற்கும் மேல். அப்படியானால், இரவு 9 மணிக்குக் கடையில் குடித்த தே தாரிக்கில் பாதி, பின்னிரவு 2 மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "எனக்குத் தேநீர் ஒன்றும் செய்யாது, குடித்துவிட்டே படுப்பேன்" என்று சொல்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் தூங்கலாம். ஆனால் அந்தத் தூக்கத்தின் ஆழம் குறைந்துவிடும். அது அவர்களுக்கே தெரிவதில்லை.

இரண்டாவது பேரேடு உடம்பின் கடிகாரம். நமது மூளைக்குள் ஒரு சிறு கடிகாரம் ஓடுகிறது. இந்த உயிர்க் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017ஆம் ஆண்டில் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே மெதுவாக ஓடக்கூடியது. அதை நாள்தோறும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். இரவில் கண்ணில் படும் வெளிச்சமோ அதைப் பின்னே தள்ளிவிடும்.

நம்முடைய நாடுகளுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தன. அதனால் இங்கே சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டி. சுப்ஹு தொழுது முடிக்கும்போதும் வெளியே இருட்டாகவே இருக்கும். "இன்னும் விடியவில்லையே" என்று மறுபடி படுக்கத் தோன்றுவது இதனால்தான். வெளிச்சம் வரும் நேரத்தில் நாம் திரைச்சீலைக்குள் இருந்துவிட்டு, இரவு 11 மணிக்குக் கடை விளக்குகளின் கீழ் நிற்கிறோம். கடிகாரம் பின்னுக்குப் போகாமல் என்ன செய்யும்?

ஊரோடு பேசும் வழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஊரில் இஷா தொழுது, இரவு உணவு முடித்து, 9 மணிக்கு வீட்டார் கைத்தொலைபேசியில் அழைத்தால் இங்கே இரவு 11.30. அந்த நேரத்தில்தான் வீட்டு மராமத்தும், மகள் கல்யாணப் பேச்சும், பாகப்பிரிவினைத் தகராறும் நம் காதில் விழுகின்றன. அதைக் கேட்டுவிட்டுப் படுத்தால் உடம்பு கட்டிலிலும் மனம் ஊரிலும் இருக்கும்.

கணக்கு கெடும் இடம்

தூக்கம் முதலில் கெடுவதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கொள்முதலில் பெரிய நஷ்டம், கொடுத்த கடன் வராமை, கடை வாடகை உயர்வு, வீட்டில் ஒரு மையித்து, நோய் நொடி. இது யாருக்கும் நேரக்கூடியது. சில வாரங்களில் அந்தக் காரணம் நீங்கினால் தூக்கமும் திரும்ப வேண்டும். பலருக்குத் திரும்புவதில்லை. ஏன்?

ஸ்பீல்மன் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குத் தெளிவான பதில் சொன்னார். தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு. அதைக் கெட்டபடியே வைத்திருக்கும் காரணம் வேறு. தூக்கம் போனவர் அதைப் பிடிக்க ஓடுகிறார். நேரத்தோடு படுக்கிறார், சுப்ஹுக்குப் பிறகு மறுபடி படுக்கிறார், பகலில் தூங்குகிறார், களைப்பைப் போக்க ஐந்தாறு தடவை தேநீர் குடிக்கிறார். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் இரவின் முதலைத் தின்கிறது.

ஜவுளி வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஆறு முழத் துணியை ஒன்பது முழக் கட்டிலில் இழுத்து விரித்தால் என்னவாகும்? துணி நீளாது, நடுநடுவே கிழியும். ஆறு மணி நேரத் தூக்கத்தை ஒன்பது மணி நேரப் படுக்கையில் பரப்பினாலும் அப்படித்தான். அந்தக் கிழிசல்களில்தான் நாம் கண் விழித்துக் கிடக்கிறோம்.

அதைவிடக் கேடு ஒன்றுண்டு. இரவு இரவாகக் கட்டிலில் விழித்துக் கிடந்தால், கட்டில் என்றாலே விழிப்பும் கவலையும் என்று மனம் பழகிவிடுகிறது. நாற்காலியில் பத்திரிகை படிக்கும்போது கண் சொக்குகிறது. ஜும்ஆ பயான் தொடங்கியதும் தலை ஆடுகிறது. ஆனால் கட்டிலில் போய்ப் படுத்தவுடன் விளக்குப் போட்டதுபோல விழிப்பு வந்துவிடுகிறது. இந்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படிக்கும்போது தலையசைப்பார்கள்.

சீர்திருத்தும் முறை

பழுதான கணக்கை நேர் செய்ய வேண்டுமானால் முதலில் சிட்டை எழுத வேண்டும். இரண்டு வாரங்களுக்கு, தினமும் காலையில், முந்திய இரவு எத்தனை மணிக்குப் படுத்தோம், உத்தேசமாக எப்போது தூங்கினோம், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம், எப்போது எழுந்தோம் என்று குறித்து வாருங்கள். உத்தேசம் போதும், இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவதே நல்லது. "ஐயோ, மணி மூன்றாகிவிட்டதே" என்ற எண்ணமே பாதித் தூக்கத்தை விரட்டிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வியாபாரி இரவு 10.30க்குப் படுக்கிறார். 1 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. நடுவில் அரை மணி நேரம் விழிப்பு. 6 மணிக்குச் சுப்ஹு. 6.30க்கு மறுபடி படுத்து 7.30 வரை தூங்குகிறார். அவர் படுக்கையில் போட்டது 8½ மணி நேரம். தூக்கமாக வந்தது 5½ மணி நேரம். 3 மணி நேரம் நஷ்டம். 100 வெள்ளி போட்டால் 65 வெள்ளி கைக்கு வரும் வியாபாரம் இது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் யாராவது மேலும் முதல் போடுவார்களா? ஆனால் "இன்னும் நேரத்தோடு படுங்கள்" என்பவர் மேலும் முதல் போடத்தானே சொல்கிறார்!

ஆகவே, போடுவதைக் குறைக்க வேண்டும். அதற்குரிய விதிகள் இவை.

முதலாவது, எழும் நேரத்தை ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெருநாளும் இதற்கு விலக்கல்ல. முந்திய இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் சரியே. நமக்கு இது கஷ்டமில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், சுப்ஹு நேரம் இங்கே வருஷம் முழுவதும் முக்கால் மணி நேரத்திற்கு மேல் மாறுவதில்லை. லண்டனில் இருக்கும் முஸ்லிமுக்குக் கோடையிலும் குளிர்காலத்திலும் பல மணி நேரம் வித்தியாசப்படும். நமக்குப் பாங்குச் சப்தமே எழும் நேரத்தை நிர்ணயித்துக் கொடுக்கிறது.

இரண்டாவது, சுப்ஹுக்குப் பிறகு படுக்காதீர்கள். வெளிச்சம் வந்ததும் கடை முன் அஞ்சடியிலோ தெருவிலோ அரை மணி நேரம் நடந்துவிட்டுப் பசியாறுங்கள். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது இதுதான்.

மூன்றாவது, சிட்டையில் எவ்வளவு தூக்கம் கண்டதோ, அதோடு அரை மணி சேர்த்து, அவ்வளவு நேரமே படுக்கையில் இருங்கள். மேலே சொன்ன வியாபாரிக்கு அது 6 மணி நேரம். அவர் காலை 6 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 12க்கு முன் கட்டிலுக்குப் போகக்கூடாது. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் இந்த அளவை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள். படுத்திருந்த நேரத்தில் 100க்கு 85 பங்கு தூக்கமாக வந்திருந்தால், அதாவது 6 மணி நேரத்தில் 5 மணி 6 நிமிஷமாவது தூங்கியிருந்தால், மறுவாரம் படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னதாக்குங்கள். இப்படி நான்கு தடவை முன்னேறினால் இரவு 11 முதல் காலை 6 வரை, முழுசாக 7 மணி நேரம் கிடைத்துவிடும். லாபம் வந்த பிறகே முதலைக் கூட்டுவது என்பது நமக்குத் தெரியாத தத்துவமா?

நான்காவது, கட்டில் தூங்குவதற்கும் இல்லற வாழ்வுக்கும் மட்டுமே. கட்டிலில் கணக்குப் பார்ப்பது, கைத்தொலைபேசி பார்ப்பது, ஊரோடு பேசுவது எதுவும் வேண்டாம்.

ஐந்தாவது, படுத்து ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். தஸ்பீஹ் ஓதலாம், இலேசாக ஏதாவது படிக்கலாம். டெலிவிஷனும் வாட்ஸ்அப்பும் கூடாது. கண் சொக்கி வந்த பிறகே கட்டிலுக்குத் திரும்புங்கள். மறுபடி வராவிட்டால் மறுபடி எழுங்கள். 1972ஆம் ஆண்டில் பூட்ஸின் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இந்த முறையை எழுதினார். கட்டில் என்றால் தூக்கம் என்ற பழக்கம் மனதில் மறுபடி ஊன்றுவதற்கு இதுவே வழி.

முதல் இரண்டு வாரங்கள் கஷ்டமாகவே இருக்கும். பகலில் தூக்கம் அழுத்தும். அது நல்ல அடையாளம்; முதல் சேர்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த நாட்களில் தூர வழி வாகனம் ஓட்டக்கூடாது. சரக்கெடுக்க வேறொருவரை அனுப்புங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், அளவு கடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் உள்ளவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மூன்றாவது விதியில் இறங்கக்கூடாது.

டாக்டர்கள் இந்த முறைகளையும் மனப் பயிற்சிகளையும் சேர்த்து சி.பி.டி.ஐ. என்று அழைக்கிறார்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட இதையே முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற வைத்தியர் சங்கம் அறிவித்தது. கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டாக்டருக்குப் புரியும்.

சில்லறை விஷயங்கள்

தேநீரும் காப்பியும் லுஹரோடு நிற்கட்டும். பிறகு வருகிற விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்துவிட்டு நாம் சுடுநீரோ பாலோ குடித்தால் மரியாதை குறைந்துவிடாது. சிகரெட்டும் விழிப்பைத் தூண்டக்கூடியதே. இரவில் கடை அடைத்துவிட்டுப் பிடிக்கும் சிகரெட்டு நிம்மதி தருவதாகத் தோன்றும், ஆனால் தூக்கத்தை விரட்டும்.

கடை அடைத்த பிறகு நாசி கண்டாரோ புரோட்டாவோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் வரும். இரவு உணவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முடித்துக்கொள்வது உசிதம்.

கைலூலா என்னும் பகல் நேரச் சிறு தூக்கம் நம் மார்க்கத்தில் நல்ல வழக்கம். அதைத் தடுப்பது என் நோக்கமல்ல. 20 நிமிஷத்தில் எழுந்துவிட்டால் அது இரவுத் தூக்கத்துக்கு அதிகம் இடைஞ்சல் செய்யாது. அஸர் வரை நீளும் தூக்கம்தான் இரவைக் கெடுக்கும். சீர்திருத்தம் நடக்கும் வாரங்களில் மட்டும் அதையும் நிறுத்தி வையுங்கள். ஆனால் வாகனம் ஓட்ட வேண்டி, கண்ணும் அழுத்துமானால், ஓரமாக நிறுத்திச் சற்றுத் தூங்குவதே கடமை.

கவலைக்கு ஒரு சிட்டை போடுங்கள். கடை அடைக்கும்போது 5 நிமிஷம் உட்கார்ந்து, நாளை செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதி, நோட்டை மூடிக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஒரு பரீட்சையில், படுக்குமுன் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுத எழுத தூக்கம் சீக்கிரம் வந்ததாம். எழுதிவிட்ட கடனை மனம் சுமப்பதில்லை.

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நாம் மதரஸாவிலேயே கேட்ட விஷயம். ஊர்ப் பேச்சைக் கூடுமானவரை இங்கே 9 மணிக்குள் முடித்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். அப்போது ஊரில் மாலை 6.30தான். கொஞ்சம் ஏற்பாடு செய்தால் முடியாததல்ல. அவசரச் சேதி வேறு. நிலத் தகராறு காலைவரை காத்திருக்கும்.

ரமலானில் தராவீஹும் ஸஹரும் தூக்கத்தை இரண்டு துண்டாக்கும். அது ஒரு மாதத்து ஏற்பாடு. அதை நோயென்று நினைக்க வேண்டாம். பெருநாள் கழிந்ததும் எழும் நேரத்தை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், படுக்கும் நேரம் தானாகவே பின்தொடரும்.

மாத்திரையும் டாக்டரும்

ஒருவருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை இன்னொருவர் வாங்கித் தின்பது மிகத் தவறு. அவற்றில் பல, சில வாரங்களிலேயே பழகிப்போய், அளவைக் கூட்டக் கேட்கும். நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரின் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இம்மாத்திரைகளும் ஒரு காரணம். தூக்கம் வருமென்று ஜலதோஷ மாத்திரை தின்பவர்களும் உண்டு. அதன் பலன் சில நாட்களில் போய்விடும். மயக்கம் மட்டும் மறுநாள் காலையிலும் தலையில் நிற்கும்.

சில நிலைமைகளில் மேலே சொன்ன விதிகள் போதா. பலத்த குறட்டையும், நடுவே மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் அது வேறு நோய்; தொண்டை வழி அடைபட்டுத் தூக்கம் முறிகிறது. இது தூங்குகிறவருக்குத் தெரியாது; பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே தெரியும். அவர் சொன்னால் அலட்சியம் செய்யாமல் கேளுங்கள். இதற்கு மூச்சுக் காற்றைச் செலுத்தும் இயந்திரம் முதலான நல்ல சிகிச்சைகள் உண்டு. இரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுகிறவர் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். விடியுமுன் விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தோன்றுமானால் அதை ஈமான் குறைவென்று ஒளித்து வைக்கக் கூடாது. அதுவும் உடம்பின் நோய்களைப் போல ஒரு நோயே. அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

நம்மிடம் வேலை செய்வோர்

முடிவாக, முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. இரவு முழுவதும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும் தூங்க வேண்டியவர்களே. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று வேலையை மாற்றி மாற்றிப் போட்டால் அவர்களின் உடம்புக் கடிகாரம் எந்த நாளிலும் நேராகாது. இரவு வேலை செய்கிறவரைச் சில மாதங்களுக்கு ஒரே நேரத்தில் வைத்திருங்கள். பகலில் அவர் தூங்கும் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக் கொடுங்கள். இரவு வேலைக்காரரும் பகல் வேலைக்காரரும் ஒரே அறையில் இருந்தால் இருவருக்கும் தூக்கமில்லை. முடிந்தால் பிரித்து வையுங்கள். ஒரு வேலை முடிந்து மறு வேலை தொடங்குவதற்குள், குளித்துச் சாப்பிட்டுத் தொழுது 7 மணி நேரம் தூங்க இடம் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்பவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தால், சுடுவது அவன் கையை. அவன் நம்மை நம்பிக் கடல் கடந்து வந்த ஒரு தாயின் பிள்ளை.

அன்பர்களே, தூக்கம் விலை கொடுத்து வாங்கும் சரக்கல்ல. விரட்டிப் பிடிக்கும் பொருளுமல்ல. பகலெல்லாம் விழித்து உழைத்துச் சேர்த்தால் இரவில் தானாக வந்து சேரும் வரவு. அதை எதிர்பார்த்துக் கட்டிலில் முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டாம். எழும் நேரத்தைப் பாங்கோடு பிடித்துக்கொள்ளுங்கள்; படுக்கும் நேரம் நாளடைவில் அதன் பின்னே வரும். இன்று இரவே ஒரு சிறு நோட்டில் சிட்டையைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் கணக்கே உங்களுக்கு வழி சொல்லும்.

உழைப்பில் பரக்கத்தையும் உறக்கத்தில் நிம்மதியையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.